ஐம்பதைத் தாண்டியவருக்கு மோட்டார் சைக்கிள்: வண்டி தன் தவணையைத் தானே கட்டுமா?

கடந்த சில மாதங்களாக என் கடைக்கு வந்து போகும் வியாபாரிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். "காக்கா, திரும்பவும் ஒரு பைக் எடுப்பமா எண்டு யோசிக்கிறன், என்ன சொல்றீங்க?" கேட்பவர்கள் இளைஞர்கள் அல்லர். ஐம்பதைத் தாண்டியவர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எம்.டீ. 90இலும் சாலியிலும் ஓடித் திரிந்து, தொழில் சற்று நிமிர்ந்ததும் வேனுக்கோ காருக்கோ மாறி, 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அதை விற்றவர்கள். நானும் அவர்களில் ஒருவன்தான்.

என் வேன் போன கதை நீண்டது. சுருக்கமாகச் சொன்னால், 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். ஆனால் என்னை விற்க வைத்தது பெற்றோல் விலை அல்ல. கொழும்பு மொத்த வியாபாரிக்கு நான் கொடுத்திருந்த காசோலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திகதிக்கு வந்தன. பாடசாலை உபகரணங்கள் விற்கும் கடை என்னுடையது. பாடசாலைகளே மூடிக் கிடந்த நாட்களில் கொப்பி யார் வாங்குவார்கள்? வேன் போனது, கடை மிஞ்சியது. அல்ஹம்துலில்லாஹ்.

அதற்குப் பிறகு நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்றுக்குக் காலையில் பஸ், இரவில் ஆட்டோ. வீட்டிலிருந்து கடை வாசலுக்கு 16 கிலோமீற்றர். இப்படியே மூன்று வருடங்களுக்கு மேல் போனது. இந்த வருட ஆரம்பத்தில் நான் மீண்டும் இரண்டு சக்கரத்துக்குத் திரும்பினேன். எனக்கு வயது 56. கடைசியாக மோட்டார் சைக்கிள் ஓட்டியது 1999இல். இடையில் நான் செய்யவிருந்த பிழையையும் போட்ட கணக்கையும் இவ்வாரம் சொல்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும்.

கையொப்பமிட இருந்த படிவம்

நான் முதலில் போனது ஒரு விற்பனை நிலையத்துக்கு. புதிய ஸ்கூட்டர், 650,000 ரூபா. என்னிடம் ஒதுக்கி வைத்த பணம் 250,000. மீதி 400,000க்கு லீசிங். அங்கிருந்த தம்பி மிகவும் மரியாதையானவர். குளிர்பானம் கொடுத்தார், கல்குலேட்டரைத் தட்டினார், "வெறும் 15 வீதம்தான் சேர், மூன்று வருடம், மாதம் 16,111 ரூபா" என்றார். 15 வீதம் என்பது இந்நாட்டில் நாம் கேட்டுப் பழகிய வட்டிகளோடு பார்க்கையில் பெரிதாகத் தோன்றவில்லை. வட்டி என்ற விடயத்தில் மனதில் ஒரு குத்தல் இருந்தது உண்மை. ஆனாலும் பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். கண்ணாடி கொண்டு போகாததால் சிறிய எழுத்தை வாசிக்க முடியவில்லை. அதனால்தான் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வேறு எந்தப் புத்திசாலித்தனமும் அதில் இல்லை.

வீட்டில் இருந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 400,000க்கு வருடம் 15 வீதம் என்றால் 60,000. மூன்று வருடத்துக்கு 180,000. மொத்தம் 580,000ஐ 36ஆல் பிரித்தால் 16,111. கணக்கில் பிழை இல்லை. ஆனால் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் நான் முதலிலும் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டுகிறேன். பதினெட்டாவது மாதம் முடியும்போது முதலில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்படியிருந்தும் பத்தொன்பதாவது மாதத்தில் என்னிடம் வாங்கும் வட்டி முழு 400,000க்கும் உரியது. கையில் இல்லாத பணத்துக்கும் வட்டி கட்டுகிறேன். இதைத்தான் பிளாட் ரேட் என்கிறார்கள். குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் அதே 16,111 ரூபா தவணை வருடத்துக்கு ஏறக்குறைய 26 வீதமாகிறது. 15 எங்கே, 26 எங்கே?

ஆகவே தவணைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. கடைசித் தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன், இது பிளாட் ரேட்டா அல்லது மீதிக்கு உரிய வீதமா, இடையில் முழுவதையும் கட்டி முடிக்க வந்தால் எதைக் கழிப்பீர்கள், இவற்றை எழுத்தில் கேளுங்கள். லீசிங்கில் எடுத்தால் பெரும்பாலும் முழுக் காப்புறுதியையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அந்தத் தொகை தவணைக்குள் வராது, தனி.

இங்கே ஒரு விடயத்தை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு இன்று நம் நாட்டில் முராபஹா, இஜாரா முறைகளில் வண்டி எடுக்க வழி உண்டு. முராபஹாவில் நிறுவனம் பொருளைத் தான் வாங்கி, இலாபத்தைச் சொல்லி, நிர்ணயித்த விலைக்கு நமக்கு விற்கிறது. இஜாராவில் பொருள் நிறுவனத்தின் உடைமையாக இருக்க, நாம் வாடகை கட்டிப் பாவிக்கிறோம். முறை வேறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பலகையைப் பார்த்ததும் நம்மவர்கள் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேயும் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை. கொள்வனவு என்றால் விலை பேசுவது நம் உரிமை. 400,000 பெறுமதியான பொருளுக்கு இறுதியில் 580,000 கொடுப்பதாக இருந்தால், அது எந்தப் பெயரில் இருந்தாலும் என் கடைக்கு அந்த 180,000 போய்விட்டது.

வண்டி எவ்வளவு கட்டும்?

பிறகு நான் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். இந்த வண்டியை என்னால் கட்ட முடியுமா என்பதை விட்டுவிட்டு, இந்த வண்டி தனக்காக எவ்வளவு கட்டும் என்று பார்த்தேன்.

பஸ்ஸும் ஆட்டோவும் சேர்த்து எனக்கு மாதம் சராசரியாக 16,500 ரூபா போய்க்கொண்டிருந்தது. வண்டி வந்தால் என்ன செலவு? நாளுக்கு 32 கிலோமீற்றர், மாதம் 26 நாள், மொத்தம் 832 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் என்று அடக்கமாகக் கணித்தால் பதினெட்டரை லீற்றர். லீற்றரை 300 ரூபா என்று வைத்தேன், ஏறக்குறைய 5,550 ரூபா. (விலை மாறினால் இந்த ஒரு வரியை மாத்திரம் மாற்றிக்கொள்ளுங்கள்.) எண்ணெய் மாற்றத்துக்கு மாதப் பங்கு 700. டயர், பிரேக், பெல்ட் போன்றவற்றுக்கு 1,500. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி எல்லாம் வருடத்துக்கு 15,000 என்று வைத்தால் மாதம் 1,250. கூட்டினால் 9,000.

16,500இல் 9,000 போனால் 7,500. இதுதான் வண்டி தானே கட்டக்கூடிய தவணை. அதற்கு மேல் கட்டும் ஒவ்வொரு ரூபாவும் கடை லாச்சியிலிருந்து வர வேண்டும். 16,111 ரூபாத் தவணையில் கையொப்பமிட்டிருந்தால் மாதம் 8,611 ரூபா கடையிலிருந்து போயிருக்கும். வருடத்துக்கு ஒரு இலட்சத்து மூவாயிரத்துக்கு மேல். பாடசாலை உபகரண வியாபாரிக்கு ஒரு இலட்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டிசம்பர், ஜனவரி விற்பனைக்காக முன்கூட்டியே இறக்கும் கொப்பியில் பெரும் பங்கு அது. அந்தச் சரக்கு இல்லாவிட்டால் அந்தப் பருவத்தின் இலாபமும் இல்லை. புது ஸ்கூட்டரில் கடைக்கு வந்து வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

படிவத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தம்பி இப்போதும் என்னைக் கண்டால் சிரிக்கிறார்.

மனைவி ஒரு யோசனை சொன்னார். தன் இரண்டு வளையலையும் அடகு வைக்கலாம் என்றார். தங்க விலை இன்று இருக்கும் நிலையில் நல்ல தொகை கிடைக்கும்தான். ஆனால் அடகுக்கும் வட்டி உண்டு, மீட்காமல் விட்டால் வளையலும் போகும். வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. "உங்களுக்கு ஒண்டு நடந்தா வளையல வெச்சி நான் என்ன செய்ற?" என்று கேட்டார். அவர் பேசியது பணத்தைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நல்ல பிரேக் உள்ள வண்டியாக எடுக்கச் சொல்கிறார்.

அவரது பயத்துக்குக் காரணம் உண்டு. என் மச்சான் ஒருவர், 58 வயது, தையல்காரர். இளமையில் சிறந்த ஓட்டக்காரர் என்று பெயர். மகன் ஓட்டிய 150 சீசீ வண்டியை எடுத்துக்கொண்டு ஓலுவில் பக்கம் போகையில் இருட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது. வண்டிச் சேதம் 55,000 ரூபா. அது பெரிய விடயமல்ல. கால் முறிந்து நான்கு மாதம் தையல் மெசினை மிதிக்க முடியவில்லை. நோன்புப் பெருநாள் உடுப்புக்கு எடுத்த முற்பணங்களைத் திருப்பிக் கொடுத்தார். அவரிடம் இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மாத்திரம். அது நாம் மற்றவருக்குச் செய்யும் சேதத்துக்கானது. நம் வண்டிக்கும் நம் காலுக்கும் அதில் ஒரு சதமும் இல்லை. தனியாள் வியாபாரம் செய்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். நான் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றையும் வேறாக எடுத்திருக்கிறேன். மேலே சொன்ன 15,000இல் அதுவும் அடக்கம்.

உடம்புக்கு ஏற்ற வண்டி

எந்த வண்டி என்ற கேள்விக்கு என் மனம் முதலில் சொன்ன பதில் 150 சீசீதான். பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். மருமகனிடம் ஒன்று இருந்தது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஆளில்லாத மைதானத்துக்குக் கொண்டு போனோம்.

எம்.டீ. 90 ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் கிளச் கைப்பிடி கிடையாது, மூன்றே கியர், காலால் முன்புறம் மிதித்தால் கியர் ஏறும். இன்றைய 150 சீசீ வண்டிகள் பெரும்பாலானவற்றில் முதலாம் கியருக்கு மாத்திரம் கீழே மிதிக்க வேண்டும். மற்றவை எல்லாம் காலை மேலே தூக்கிப் போடுபவை. நான் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன், அடுத்ததைப் போடப் பழக்கதோசத்தில் மிதித்தேன். வண்டி இரண்டாவதுக்கு இறங்கி ஒரு உலுக்கு உலுக்கி, பின் சக்கரம் மணலில் வழுக்கியது. விழவில்லை. மைதானத்தில் நடந்தது நல்லது. பிரதான வீதியில் பின்னால் ஒரு பஸ் வரும்போது நடந்திருந்தால்? இருபத்தைந்து வருடம் கழித்தும் கால் மறக்கவில்லை என்று பெருமைப்படுகிறோம். அந்த மறதியின்மைதான் இங்கே ஆபத்து.

பிறகு நிறுத்தி, பின்னால் தள்ளிப் பார்த்தேன். 150 சீசீ வண்டி சுமார் 145 கிலோ வரும். மணலில் அதைத் தள்ளியபோது என் முழங்கால் பதில் சொல்லிவிட்டது. 110 சீசீ ஸ்கூட்டர் சுமார் 105 கிலோ. நாற்பது கிலோ வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு சீமெந்துப் பை. நீங்களும் கடையில் வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன் தள்ளிப் பாருங்கள். நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பாருங்கள். உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் முழுமையாகப் படுகிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது எல்லா வண்டியும் இலேசுதான். நிற்கும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

100 சீசீ கியர் வண்டியையும் யோசித்தேன். எண்ணெய்ச் செலவு மிகக் குறைவு, உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், 17 அங்குலச் சக்கரம் குழிகளில் ஸ்கூட்டரைவிட நிதானமாகப் போகும். வயல் பாதையில் தினமும் போகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். என்னை ஸ்கூட்டர் பக்கம் திருப்பியவை இரண்டு. கியர் இல்லாததால் என் காலின் பழைய பழக்கத்துக்கு அங்கே வேலை இல்லை. மற்றது, மனைவி பின்னால் அபாயாவோடு உட்காருவார். கியர் வண்டிகள் பலவற்றில் சங்கிலி ஓரளவு திறந்தே இருக்கும், சக்கரக் கம்பியும் வெளியே இருக்கும். அபாயாவின் ஓரம் அல்லது ஷோலின் நுனி அதில் சிக்கினால் என்ன ஆகும் என்று நம் ஊர்களில் விளக்க வேண்டியதில்லை. ஸ்கூட்டரில் சங்கிலி இல்லை, பெல்ட் பெட்டிக்குள் ஓடுகிறது. ஆனாலும் துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தலைமுறையில் பலர் காலால் பின் பிரேக்கை மாத்திரம் மிதித்துப் பழகியவர்கள், முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று பயந்தவர்கள். உண்மையில் வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும் பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது, ஏனெனில் நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்கிறது. இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் இடக்கைப் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யும் முறை உண்டு. நான் தேடியது அதைத்தான். இந்தியாவில் 125 சீசீ வரையான வண்டிகளுக்கு அது, அல்லது ஏ.பி.எஸ்., 2019 ஏப்ரலில் இருந்து கட்டாயம். நம் சந்தையில் இருக்கும் பழைய வண்டிகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வேகத்தை நினையுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது ஒரு விநாடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடுகிறது. மாட்டைக் கண்டு மூளைக்கு எட்டிக் கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆனால் பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீற்றர் போய்விட்டோம். அந்த அரை விநாடிதான் வயது நமக்குச் சேர்த்துத் தருவது. 40இல் போனால் அதே ஒன்றரை விநாடிக்கு 17 மீற்றரில் முடியும்.

அனுமதிப்பத்திரத்தில் பலர் தவறு விடுகிறார்கள். ஏ1 வகுப்பு என்பது 100 சீசீ வரை. 110 சீசீ ஸ்கூட்டருக்கு ஏ வகுப்பு வேண்டும். "ஸ்கூட்டிதானே" என்று ஏ1 அட்டையோடு ஓடி, விபத்தொன்றில் மாட்டினால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். என் அட்டையில் ஏ வகுப்பு பழைய நாளிலிருந்தே இருந்தது. புதுப்பிக்கப் போன இடத்தில் மருத்துவச் சான்றிதழுக்காகக் கண் பரிசோதித்தார்கள். தூரப் பார்வைக்கு வேறு கண்ணாடி வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. கண்ணாடி மாற்றியதும் வீதிப் பலகைகள் எல்லாம் புதிதாகப் பெயின்ற் அடித்தது போல் தெரிந்தன.

பழைய வண்டி வாங்கிய கதை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் பழைய வண்டிச் சந்தையில் நடுவயது வண்டிகள் குறைவு. ஒன்றில் 2020க்கு முந்தியது, அல்லது புத்தம் புதியது. எனக்குக் கட்டுப்படியானது முந்தியதுதான். கையில் 250,000. மீதிக்கு நம் ஊர்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்தேன், 20 பேர், மாதம் 7,500. இரண்டாவது கை எனக்குத் தந்தார்கள், 150,000. வட்டி இல்லை. ஆனால் சீட்டு இனாம் அல்ல. இன்னும் பதினெட்டு மாதம் நான் கட்ட வேண்டும், நான் நிறுத்தினால் சீட்டுப் பிடிப்பவர் தலையில் விழும். ஆளை அறியாத சீட்டில் சேராதீர்கள்.

ஆக மொத்த வரம்பு 400,000. வண்டிக்கே அத்தனையும் கொடுத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். 2016ஆம் ஆண்டு வண்டி ஒன்று 345,000க்கு முடிந்தது. நான் பழகிய மெக்கானிக் தம்பியைக் கூட்டிப் போனேன். அவர் கேட்ட கூலியைவிட அதிகமாகவே அவர் பேசிக் குறைத்தார்.

அவர் முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, புத்தகத்தை. எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளபடி பதிவுச் சான்றிதழில் இருக்கிறதா? ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராகப் பதிந்திருக்கிறதா? இருந்தால் கடன் முடிந்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஓபன் பேப்பரில் வாங்கி வருடக்கணக்கில் பெயர் மாற்றாமல் ஓடுவது நம் பக்கத்தில் சாதாரணம். அது பெரும் மடமை. வண்டி விபத்தில் மாட்டினாலோ திருட்டுப் போனாலோ, தாளில் உரிமையாளராக இருப்பவர் எங்கே என்று தேடித் திரிய வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 1416 என்றிருந்தால் 2016இன் பதினான்காவது வாரத்தில் செய்தது. என் வண்டியில் இருந்தது அதே வயது டயர்கள். ஓட்டம் குறைந்த வண்டி என்று விற்றவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், ஆனால் றப்பர் ஓடாமலும் கிழமடைகிறது. அதைக் காட்டி விலை குறைத்தோம். 2024 நவம்பரில் நம் மாவட்டத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு நாடெங்கும் வெள்ளம் வந்தது. நீரில் கிடந்த வண்டிகளும் கழுவி மினுக்கி விற்பனைக்கு வருகின்றன. இருக்கையைத் தூக்கி மூலைகளில் சேறு காய்ந்திருக்கிறதா, வயர் இணைப்புகளில் பச்சைக் கறை இருக்கிறதா, லைட்டுக்குள் நீர்க் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

டயர் இரண்டும், பெல்ட், பிரேக், பெட்டரி எல்லாம் மாற்ற 27,000. பெல்ட் என்பது சுமார் 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. நடு வழியில் அறுந்தால் வண்டி அசையாது. பெயர் மாற்றமும் அதன் அலைச்சலும் 6,000. மழைக் கோட்டும் சாமான் பெட்டியும் 4,000. எஸ்.எல்.எஸ். 517 தரச் சின்னம் உள்ள தலைக்கவசம் இரண்டு, 18,000. இதிலே மிச்சம் பிடிக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். மகனின் பழைய தலைக்கவசம் ஒன்று வீட்டில் இருந்தது, உள்ளே பஞ்சு பொடியாக உதிர்ந்தது. அதை எறிந்துவிட்டேன்.

கணக்கும் நடைமுறையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் மாதம் மழையில் ஒன்பது நாள் பஸ்ஸில் போனேன். மிச்சம் 4,900தான். இரண்டாம் மாதம் 7,100. மூன்றாம் மாதம் 6,800, ஏனெனில் இரண்டு இரவு கடை பிந்திப் பூட்டியதால் வண்டியைக் கடைக்குள் வைத்துவிட்டு ஆட்டோவில் வந்தேன். எதிரே வரும் வாகன வெளிச்சம் என் கண்ணைக் கூசுகிறது, மஃரிபுக்குப் பிறகு பிரதான வீதியில் ஓடுவதில்லை என்று மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதத்திலும் சீட்டுக்குக் குறைந்த 3,700 ரூபாவைக் கடையிலிருந்துதான் எடுத்தேன். அதைத் தனிக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன், வண்டி கடைக்குத் தர வேண்டிய கடன் என்று.

மனைவி முதல் ஏழு வாரம் பின்னால் ஏறவில்லை. எட்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, கல்முனைக்குத் தன் ராத்தாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று தானாகவே தலைக்கவசத்தை எடுத்தார். அபாயாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, காரைதீவு தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "இன்னும் கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார். மானியைப் பார்த்தேன், 35இல் போய்க்கொண்டிருந்தோம்.